தறிக்கு வலது பக்கம்

"ஒண்ணு வேலைய வுடு. இல்ல, புள்ளய ஸ்கூலுக்கு அனுப்பு. ரெண்டும் இல்லாம இது இன்னா கூத்து?"

இதச் சொல்லாத ஆளு எங்க தெருவுல கிடையாது. பால்காரர் சொன்னாரு. ரேஷன் கடை வரிசையில முன்னபின்ன தெரியாத ஒரு அம்மா சொன்னாங்க. என் நாத்தனார் போளூர்லேருந்து பஸ் ஏறி வந்து, இத ஒரு தரம் சொல்லிட்டு, சோறு தின்னுட்டு, இன்னொரு தரம் சொல்லிட்டு, சாயங்கால பஸ்ஸுல திரும்பிப் போனாங்க. ஊர் வாய மூட உலைமூடி ஏது? எல்லாருக்கும் நான் ஒரே பதிலத்தான் வெச்சிருந்தேன். வேலையையும் வுட மாட்டேன், புள்ளயையும் அனுப்ப மாட்டேன். போய்ட்டு வாங்க.

நான் செய்யார்ல ஒரு ஷூ கம்பெனியில வேலை பாக்கறேன். ஷூவோட மேல்தோலத் தைக்கிற லைன். ஆரணியில எங்க தெருமுனைக்கு இருட்டு பிரியறதுக்குள்ள கம்பெனி பஸ் வந்துடும், சாயங்காலம் அதே பஸ் கொண்ணாந்து இறக்கி வுடும். என் வீட்டுக்காரர் வீட்டுலயே பட்டு நெய்யறாரு. முன்கூடத்துல தறி. காலையில குந்தினாருன்னா பொழுது சாயற வரைக்கும் அந்தச் சத்தம்தான். அதாவது எங்க வீட்டுல ஒரு பெரிய ஆளு நாள் பூரா இருக்காரு. அப்டி இருந்தும் "வேலைய வுடு"ன்னு ஒருத்தராவது அவரப் பாத்துச் சொன்னாங்களா? தறிய நிறுத்திட்டு நீ பாடம் சொல்லிக் குடுய்யான்னு எவராவது கேட்டாங்களா? அம்மாதான் வுடணும். அம்மா வேலைக்குப் போறதுன்னா கடைக்கு வெத்தல வாங்கப் போற மாதிரி, கூப்ட்டா திரும்பி வந்துடணும் இவங்களுக்கு.

ஏன் நிறுத்தினேன்னு யாரும் முதல்ல கேக்க மாட்டாங்க. அதனால நானே சொல்லிடறேன்.

எங்க பாப்பாவுக்கு ஒம்பது வயசு. பேச்சு திக்கும். "த", "ப", "ம" மூணும் அவளுக்கு எதிரி. வாய் வரைக்கும் வந்து நின்னுக்கும். வீட்டுல அது ஒரு விஷயமே இல்ல. அவ நைனாவுக்கு மூக்கு கோணல், எனக்குக் கோவம் ஜாஸ்தி, அவளுக்குப் பேச்சு திக்கும், அவ்ளோதான். ஆனா ஸ்கூல்ல, பழகினா சரியாயிடும்னு சொல்லி, தினமும் அவளதான் எழுப்பி நிக்க வெச்சிப் பாடத்தப் படிக்கச் சொல்லியிருக்காங்க. அவ "ப"வுல மாட்டிகினு நிக்க, மொத்த க்ளாசும் சிரிச்சிருக்கு. பசங்க அவள மாதிரியே திக்கித் திக்கிப் பேசி ஒரு விளையாட்டே கட்டிட்டாங்க. எங்க பாப்பா ஸ்கூல்ல பேசறத நிறுத்திட்டா. அப்பால வீட்டுலயும் குறைச்சிட்டா. தண்ணி வேணும்னா சொம்பத்தான் காட்டுவா. காலையில யூனிஃபார்ம எடுத்தாலே வாந்தி.

நான் ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போய்க் கேட்டேன். பெரிய டீச்சர் ரொம்பப் பொறுமையாத்தான் பேசினாங்க. "இந்த மாதிரி குழந்தைங்களுக்குன்னு தனியா ஸ்கூல் இருக்குதும்மா, அங்க பாருங்களேன்"னாங்க. எனக்கு உச்சந்தலையில ஏறிகினு வந்துச்சி. "அவளுக்கு வாய்தான் டீச்சர் திக்குது, மூளை திக்கல"ன்னேன். அந்த ரூம்லேருந்தே நேரா க்ளாசுக்குப் போய், பையையும் புள்ளயையும் தூக்கிகினு வந்துட்டேன். வர்ற வழியில அவளுக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்தேன். அவ ஜாலியா உறிஞ்சிகினு வந்தா.

சரி, தூக்கிகினு வந்தாச்சி. அடுத்தது? சும்மா சொல்லக் கூடாது, அன்னிக்கு ராவெல்லாம் அவளோட புத்தகத்தப் பொரட்டிகினு குந்தியிருந்தேன். நான் ப்ளஸ் டூ. அவரு எட்டாவது. ஆனா யோசிச்சிப் பாத்தா, ஸ்கூல்ல அவ கத்துகினு வந்தது வாய மூடிக்கறத மட்டும்தான். அதவிட நாங்க மோசமாவா சொல்லிக் குடுத்துடப் போறோம்?

தறி இருக்கிற கூடத்துச் சுவத்துல பாதிக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சேன். காலையில பஸ்ஸுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அன்னிக்குண்டான வேலைய அதுல சாக்பீஸால எழுதி வெச்சிட்டுப் போவேன். இந்தப் பாடத்தப் படி, இந்தக் கணக்கப் போடு, இந்தப் படத்த வரை. சாயங்காலம் வந்து முகத்தக் கழுவிட்டு, காபியக் கையில வெச்சிகினு, அவளோட குந்துவேன். சோறு பொங்கறது அவ நைனா. ஆமா, அவருதான் பொங்குவாரு. அதுக்கும் தெரு சிரிச்சிது. சிரிக்கட்டும், பல்லுக்கு நல்லது.

எனக்கே மறந்துபோன பாடத்தையெல்லாம் பஸ்ஸுல படிப்பேன். முதல் வாரம் பூரா பொண்ணுங்க என்னைய ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினாங்க. "இன்னாக்கா, கலெக்டர் பரிச்சைக்கா?" அப்பால அவங்களே சேந்துகினாங்க. பக்கத்து சீட்டுல வர்ற பெரணமல்லூர் பொண்ணு கணக்குல டிகிரி முடிச்சிட்டு எங்க லைன்லதான் தோல் தைக்கிது. பின்னக் கணக்கு எனக்குச் சுத்தமா ஏறல. அதுதான் முறுக்க உடைச்சி உடைச்சிச் சொல்லிக் குடுத்துச்சி. நான் தின்னுகினே கத்துகினேன். வீட்டுக்கு வந்து முறுக்க உடைச்சி உடைச்சிப் பாப்பாவுக்குச் சொன்னேன். அவளும் தின்னுகினே கத்துகினா.

கணக்கு வந்துடிச்சி, எழுத்து வந்துடிச்சி. வாய்வுட்டுப் படிக்கறதுதான் வரல. கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு நானும் வாய மூடிகினு இருந்தேன். எனக்கு அது எவ்ளோ கஷ்டம்னு என்னைய அறிஞ்சவங்களுக்குத் தெரியும்.

ஒரு ஞாயித்துக்கிழம சமையக்கட்டுல புளி கரைச்சிகினு இருக்கேன். கூடத்துல தறிச் சத்தம். அதுக்கு நடுவுல ஒரு குரல். யாரோ பாடம் படிக்கிற மாதிரி. டிவியோன்னு நினைச்சேன். எட்டிப் பாத்தா, எங்க பாப்பா! அவ நைனாவுக்கு வலது பக்கத்துல, தறிப் பலகை மேல குந்திகினு, கால தறிக்குழியில தொங்கப் போட்டுகினு, மடியில புத்தகத்த வெச்சிகினு படிக்கிறா. அவரு ஒரு தட்டு தட்டறாரு, அவ ஒரு வார்த்த. இன்னொரு தட்டு, இன்னொரு வார்த்த. "ப" வருது. "த" வருது. "ம" வருது. ஒரு இடத்துல நிக்கல. புளித் தண்ணி கையோட முழங்கை வரைக்கும் ஒழுகறதுகூடத் தெரியாம நின்னுகினு இருந்தேன். எங்க வீட்டுக்காரர் என்னையப் பாத்தாரு. பேசாத, போன்னு கண்ணாலயே சொன்னாரு. நான் போய் அடுப்பாண்ட நின்னு, வாய்ல முந்தானைய அடைச்சிகினு அழுதேன்.

அன்னியிலேருந்து அதுதான் அவளோட க்ளாஸ் ரூம். தினமும் காலையில டிபன் சாப்ட்டுட்டுப் போய் அந்தப் பலகையில குந்திடுவா. தறி ஓடற வரைக்கும் படிப்பு ஓடும். எங்களுக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான். கதவு திறந்து கிடந்தா, எதிர் வீட்டுலேருந்து பாக்கறவங்க கண்ணுக்குப் புத்தகம் தெரியாது. தறியாண்ட குந்தின புள்ள மட்டும்தான் தெரியும்.

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது, சொல்லிடறேன். சேலை உடம்பு ஒரு கலரும், கரை வேற கலருமா சேத்து நெய்யறதுக்குக் கோர்வைன்னு பேரு. அத ஒத்த ஆளா நெய்யறது கஷ்டம். நெய்யறவருக்கு வலது பக்கத்துல இன்னொரு ஆளு குந்தி, அந்தப் பக்கத்துக் கரைக்கு நூல் போட்டுக் குடுத்துகினே இருக்கணும். அந்தக் காலத்துல அங்க புள்ளைங்களத்தான் குந்த வெப்பாங்க. ஸ்கூல நிறுத்திட்டு, நாள் பூரா. நெசவுத் தெருவுல, ஸ்கூல் நேரத்துல, தறிக்கு வலது பக்கம் ஒரு புள்ள குந்தியிருந்தா அதுக்கு அர்த்தம் அது ஒண்ணுதான். எங்க தறியில கோர்வை கிடையாது. ஊடு நூல் ஓட்டற நாடா ஒண்ணு, ஆளும் ஒண்ணு. ஆனா எதிர் வீட்டு வாசல்லேருந்து அதெல்லாம் தெரியுமா?

கம்பெனியில உள்ள போகும்போதே போன வாங்கி லாக்கர்ல வெச்சிப் பூட்டிடுவாங்க. ஒரு நாள் சாயங்காலம் எடுத்துப் பாத்தா, வீட்டுலேருந்து வரிசையா கூப்ட்டிருக்காரு. எங்க வீட்டுக்காரர் போன் பண்ற ஜாதியே இல்ல. பஸ் ஏறிகினே கூப்ட்டேன்.

"குழந்தைத் தொழிலாளர் ஆபீசுலேருந்து ஒரு ஆபீசரம்மா வந்தாங்க"ன்னாரு. "புள்ளய வேலை வாங்கறோம்னு யாரோ போன் போட்டுச் சொல்லிட்டாங்களாம்."

"நீ இன்னா சொன்ன?"

"நான் தனியா நெய்ஞ்சி காட்டிட்டேன். வேலை வாங்கலன்னு அவங்களுக்குப் புரிஞ்சிடிச்சி. அப்போ ஏன் ஸ்கூலுக்கு அனுப்பலன்னு கேட்டாங்க. வீட்டுலயே படிக்கிதுன்னேன். படிச்சிக் காட்டச் சொன்னாங்க."

"பாப்பா படிச்சாளா?"

"வாயே திறக்கல."

ஆபீசரம்மா சொல்லிட்டுப் போனது இதுதான். வேலையும் செய்யல, படிக்கவும் தெரியல, அப்போ இந்தக் குழந்தை வீணாப் போய்கினு இருக்கு. திங்கக்கிழம மறுபடியும் வருவேன், அம்மா வீட்டுல இருக்கணும். படிக்கத் தெரிஞ்சா சரி. இல்லாட்டி அன்னிக்கே, எந்த ஸ்கூல்லேருந்து நிறுத்தினீங்களோ அதே ஸ்கூல்ல கொண்டுபோய்ச் சேத்துட்டுத்தான் போவேன்.

அதே ஸ்கூல். அதே க்ளாஸ். அதே சிரிப்பு. பஸ் கம்பிய நான் புடிச்ச புடியில அது வளைஞ்சிருக்கணும்.

தெருவுல இறங்கினவ நேரா வீட்டுக்குப் போகல. நடுத்தெருவுல நின்னு சத்தம் போட்டேன். "எவ போன் போட்டது? தைரியம் இருந்தா வெளிய வந்து சொல்லுங்க! என் புள்ள சோத்துல யாரு மண்ணள்ளிப் போட்டது?" ஜன்னலெல்லாம் திறந்துச்சி. எதிர் வீட்டு அக்கா மட்டும் படியிறங்கி வந்தாங்க. எங்க பாப்பா பொறந்தப்ப முதல்ல தூக்கினவங்க அவங்கதான்.

"நான்தான் போட்டேன்"னாங்க.

எனக்குக் கோவத்துல காதே அடைச்சிடிச்சி. "ஏங்க்கா? ஒரு வார்த்த என்னையக் கேட்டிருக்கக் கூடாதா?"

"இன்னாத்தக் கேக்கறது? தெனம் பாக்கறேன். பத்து மணிக்குப் புள்ளைங்க எல்லாம் ஸ்கூல்ல இருக்கிதுங்க, உம் பொண்ணு தறியாண்ட குந்திகினு இருக்குது. எங்கப்பன் என்னைய அங்கதான்டி குந்த வெச்சாரு. மூணாங்கிளாசுல. சிலேட்டு மேலேயே டீத்தண்ணி டம்ளர வெச்சிட்டு, இனிமே இது வேணாம்னாரு. எனக்கு இன்னிக்கும் பஸ்ல ஊர் பேரு படிக்கத் தெரியாது. வாய் திக்கற புள்ள, வாயத் தொறந்து சொல்லவும் மாட்டா. அவளுக்காவது ஒருத்தர் கேக்கணுமில்ல?"

என்னான்னு திட்டறது? கையப் புடிச்சி இழுத்துகினு வந்து கறுப்புச் சுவத்தக் காட்டினேன். எழுதியிருந்தத ஒண்ணொண்ணா படிச்சிச் சொன்னேன். அக்கா முந்தானையால மூக்கத் தொடைச்சிகினு, "எனக்கு இன்னாடி தெரியும்"னாங்க. "போன் போட்டு வேணாம்னு சொல்லிடட்டா?"ன்னு கேட்டாங்க. அதெல்லாம் அப்டிச் சொன்னா நிக்காதுக்கான்னேன். எனக்கு அவங்க மேல கோவம் போயிடிச்சின்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவங்களையும் நாத்தனாரையும் ஒரே தட்டுல வெக்க முடியல.

அக்கா போனப்பால, திங்கக்கிழமைக்கு என்னா வழின்னு நான், அவரு, பாப்பா மூணு பேரும் குந்திப் பேசினோம். எங்க வீட்டுக்காரர் சொன்னது ரொம்ப சுளுவு. "அவங்க வந்ததும் நான் தறிய ஓட்டறேன். அவ பக்கத்துல குந்திப் படிக்கட்டும். ஒரு எழுத்து திக்காது. கேட்டுட்டுப் போகட்டும்." அது சரியாத்தான் பட்டுச்சி. ஆனா எந்த இடத்துல குந்தினதுக்கு ஆபீசர் வந்தாங்களோ, அதே இடத்துல குந்த வெச்சிக் காட்டறதா? வேணும்னே செய்யற மாதிரி ஆயிடாதா? வேணும்னே செஞ்சாதான் என்னா, தறியாண்ட குந்திப் படிச்சா படிப்பு இல்லியா? நான் இப்டி ஒரு தரமும் அப்டி ஒரு தரமும் பேசிகினே இருந்தேன். பாப்பா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துகினு இருந்தா.

அப்பால சொன்னா. "த... தறி வேணாம்."

"ஏன் பாப்பா? அதுலதான உனக்கு நல்லா வருது?"

தோள மட்டும் தூக்கினா. "நானே ப... படிக்கறேன்."

திங்கக்கிழம வேலைக்கு வர மாட்டேன்னு சூப்பர்வைசருக்குப் போன் பண்ணேன். ஷிப்மெண்ட் இருக்குது, லீவு குடுக்க முடியாதுன்னாரு. நான் கேக்கல சார், சொல்றேன்னேன். வேலை போயிடும்மான்னாரு. போகாது சார், எனக்கு மாதிரி அந்த வளைவுத் தையலு உங்க லைன்ல யாருக்கு வருதுன்னேன். போன வெச்சிட்டேன். செவ்வாக்கிழம போனேன், என் மெஷின்ல நான்தான் குந்தினேன்.

முடிவ முன்னாடியே சொல்லிடறேன், யாரும் பேஜாராக வேணாம். பாப்பா அந்த ஸ்கூலுக்குத் திரும்பிப் போகல. குழந்தை நல்லாப் படிக்கிது, வீட்டுல படிக்கட்டும், அப்பப்ப நான் வந்து பாப்பேன், இன்னும் கொஞ்சம் வளந்ததும் எட்டாவது தனித்தேர்வு எழுத வெக்கணும்னு ஆபீசரம்மா சொல்லிட்டாங்க. தறிப் பலகையில மட்டும் குந்தக் கூடாதுன்னாங்க. முதல்ல சொன்னதுக்கெல்லாம் சரின்னேன். கடைசியா சொன்னதுக்கு நான் வாயே திறக்கல. அவ இன்னிக்கும் அங்கதான் குந்திகினு படிக்கிறா. வரட்டும், கேக்கட்டும். ஒரு புள்ளைக்கு எந்த இடத்துல வாய் திறக்குதோ அதுதான் அதுக்கு ஸ்கூலு. இத நான் யாரு முன்னாடி வேணாலும் சொல்வேன்.

ஆனா நான் சொல்ல வந்தது அதில்ல. அந்தத் திங்கக்கிழம காலையத்தான்.

தறி நின்னுபோன வீடு எனக்கே புதுசா இருந்துச்சி. ஃபேன் சுத்தற சத்தம் கேக்குது. அவரு என்னா பண்றதுன்னு தெரியாம கையக் கட்டிகினு கதவாண்ட நிக்கறாரு. எதிர் வீட்டு அக்கா வாசப்படியில நின்னுகினு உள்ள வரவும் இல்ல, போகவும் இல்ல. ஆபீசரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். வெயில்ல வந்த களைப்பு. மோர் குடுத்தேன், குடிச்சாங்க. கெட்டவங்க இல்ல. கெட்டவங்களா இருந்தா எனக்கு வேலை சுளுவா இருந்திருக்கும்.

பாடப் புத்தகம் வேணாம், அது மனப்பாடமா இருக்கும்னு சொல்லி, கைப்பையிலேருந்து அன்னிக்குப் பேப்பர எடுத்து மடிச்சிப் பாப்பா கையில குடுத்தாங்க. ஏரியிலேருந்து பாசனத்துக்குத் தண்ணி திறந்து வுட்ட சேதி. நான் எட்டிப் பாத்தேன். முதல் வரியிலயே "பாசனம்", "தண்ணீர்". உலகத்துல வேற சேதியே கிடைக்கலியா?

பாப்பா எழுந்து நின்னா. நிக்கச் சொல்லி யாரும் சொல்லல.

"ஏரியிலிருந்து பா... பா... பா..."

கழுத்து நரம்பு புடைக்குது. கண்ண இறுக்கி மூடிகினா. என் வாய்க்குள்ள அந்த வார்த்த முழுசா வந்து குந்திகினு இருக்குது. சொல்லிடலாம்னு துடிக்கிது. சொல்லாம இருக்க நான் என் உதட்டக் கடிச்சேன். கதவாண்ட அவரு கால், தறி மிதிக்கிற மாதிரி தரையில மெதுவா அசையுது, அவருக்கே தெரியாம. பாப்பா அவரு பக்கம் திரும்பவே இல்ல.

"...பாசனத்துக்குத் த... த... தண்ணீர்..."

ஒரு வரி முடிய எவ்ளோ நேரமாச்சின்னு எனக்குத் தெரியாது. நிமிந்து பாத்தா ஆபீசரம்மாவுக்குக் கண்ணுல தண்ணி. பாவம், அவங்களால தாங்க முடியல. சேர்லேருந்து முன்னுக்குச் சாய்ஞ்சி, ரொம்ப அன்பா, பேப்பர வாங்கக் கைய நீட்டினாங்க.

"போதும்டா கண்ணு, போதும். உனக்குப் படிக்கத் தெரியுதுன்னு எனக்குப் புரிஞ்சிடிச்சி."

நாங்க ஜெயிச்சிட்டோம்னு எனக்குத் தெரிஞ்சிடிச்சி. மூச்சு வுட்டேன். பாப்பா பேப்பரக் குடுக்கல. நெஞ்சோட சேத்து இழுத்துகினா. அவங்கள நேருக்கு நேரா பாத்தா.

"இன்னும் மு... மு... முடியல."

ஆபீசரம்மா நீட்டின கைய எடுத்து மடியில வெச்சிகினாங்க. பாப்பா பேப்பரப் பிரிச்சி, விரல வெச்சி, அடுத்த வரிய ஆரம்பிச்சா.